ஏறக்கூடாத ஒரு ஷேர்

எங்கள் தெருவில் இப்போதும் யாராவது நைனாவை வழிமறித்துக் கேட்பார்கள், எந்த ஷேர் வாங்கலாம் என்று. வேப்பம்பட்டில் வீட்டுக்கு வீடு இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அரசியல் பேச்சு குறைந்து மார்க்கெட் பேச்சு ஏறிவிட்டது. நைனா கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்துவிடுவார். பெரிய மனுஷனுக்குத் திமிர் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அவர் கடைசியாக உட்கார்ந்து பார்த்த சார்ட் எந்தக் கம்பெனியுடையதும் இல்லை. அது என் அம்மாவுடையது. அதை ஒரு முறையாவது முழுதாக எழுதிவிட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

நைனா என்றால் அப்பா. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திரா எல்லையை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவர்களின் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கன்ட்ரோல் ரூம் என்றால் சுவர் முழுக்க ஸ்கிரீன். பாய்லர் தண்ணீருக்கு ஒரு கோடு, நீராவி அழுத்தத்துக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு. எட்டு மணி நேரம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஏதாவது எல்லை மீறினால் ஹூட்டர் அலறும். முதலில் ஒரு பட்டனை அமுக்கி ஹூட்டரை அடக்க வேண்டும். அதற்கப்புறம் கோட்டைப் பார்க்க வேண்டும். அலறல் கேட்டதும் பதறிப்போய் எதையாவது திருகினால் மொத்த யூனிட்டும் நின்றுவிடும். பாதிக் கோடுகள் தானாகவே தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும், நான் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டபோதும், அவர் சொன்னது ஒன்றேதான். மொதல்ல சத்தத்தை அமத்து, அப்பால ட்ரெண்டைப் பாரு.

நான் காக்களூர் எஸ்டேட்டில் ரப்பர் கேஸ்கட் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டில் அதையே சும்மா செய்கிறேன் என்று அம்மா சொல்வாள். கல்யாணப் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போய் வெகு காலம் ஆகிறது. ஆக நாங்கள் மூன்று பேர்தான்.

ரிட்டையர் ஆன மனுஷனுக்குக் கை சும்மா இருக்கவில்லை, கண்ணும் சும்மா இருக்கவில்லை. ஃபோனில் ஷேர் சார்ட் பார்க்கத் தொடங்கினார். ஏஐ இருக்கும் ஆப்பை அவர் ஃபோனில் இறக்கிக் கொடுத்தது நான்தான். சார்ட்டைப் படம் பிடித்துப் போட்டுக் கேட்டால் அது விளக்கம் சொல்லும். அவர் அதனிடம் எழுதும் விதத்தைப் பார்த்து நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். “வணக்கம் சார். இந்த சார்ட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லவும் சார்.” கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் இன்ஜினியர்களை அழைத்த பழக்கம். அதுவும் பொறுமையாகத் தமிழில் பதில் சொல்லும். இங்கே விலை விழாமல் தாங்குகிறது, இதற்குப் பெயர் சப்போர்ட். இங்கே வந்து முட்டிக்கொண்டு திரும்புகிறது, இது ரெசிஸ்டன்ஸ். எத்தனை தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. அதைச் சொல்லிக் காட்டி நைனா என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒவ்வொரு பதிலின் கடைசியிலும், இது முதலீட்டு ஆலோசனை இல்லை, தகுந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி இருக்கும். சினிமாவுக்கு முன்னால் போடும் புகையிலை எச்சரிக்கையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்.

அவர் சூதாடி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய லாபமும் வந்ததில்லை, பெரிய அடியும் பட்டதில்லை. அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு நாளின் விலை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டும் சின்னக் கட்டைக்குக் கேண்டில் என்று பேர். அந்த நாள் முடிந்து கேண்டில் க்ளோஸ் ஆகாமல் எதிலும் கை வைக்கமாட்டார். நடுவில் எவ்வளவு குதித்தாலும் அசைய மாட்டார். மார்க்கெட்டில் அவசரப்பட்டவன்தான் செத்தான் என்பார். அம்மா உள்ளே இருந்து, இவரு பொண்ணு பார்க்க வந்தப்பவும் க்ளோஸ் ஆவட்டும்னு ஒரு மாசம் உக்காந்தவரு என்று குரல் கொடுப்பாள்.

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக உண்டு. முதலில் கால் வீங்கியது. அப்புறம் முகம். திருவள்ளூரில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடுவதைக் காட்டும் எண் அது. ஏறக் கூடாது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டரம்மாவைப் பார்த்தோம். மாதா மாதம் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். உப்பு குறைந்தது, தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக் குடிக்க வேண்டியதாயிற்று. காய்கறியைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தேன். அதைச் சாப்பிட்டுப் பார்த்தால் காகிதம் தின்ற மாதிரி இருக்கும். பழவேற்காட்டு எறாவுக்கு உயிரை விடுகிறவள், முகத்தைச் சுளிக்காமல் அதைத் தின்றாள். அதைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வரும்.

லேபில் இருந்து ரிசல்ட் நைனாவின் ஃபோனுக்கு மெசேஜாக வரும். சில மாத எண்கள் சேர்ந்ததும் அவர் அவற்றை வரிசையாகப் போட்டு ஒரு சார்ட் செய்துவிட்டார். செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஒவ்வொரு மாதமும் ஒரு கேண்டில். போன மாத எண்ணில் தொடங்கி இந்த மாத எண்ணில் முடியும். அதைப் படம் பிடித்து, வணக்கம் சார் போட்டு, என் மனைவியின் கிரியேட்டினின், எங்கே ரெசிஸ்டன்ஸ் என்று கேட்டார். அது, இது பங்கு விலை அல்ல, இதில் ரெசிஸ்டன்ஸ் என்று ஒன்று கிடையாது, இந்த எண்கள் கவலைப்பட வேண்டியவை, தள்ளிப்போடாமல் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள் என்று சொன்னது. அவர் வேறு மாதிரி கேட்டார். அது திரும்பவும் அதையே சொன்னது. உங்களுக்கு இது கடினமான நேரமாக இருக்கும் என்று ஒரு ஆறுதல் வார்த்தையும் சொன்னது. நைனாவுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் கோட்டைப் பற்றிப் பேச ஆள் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபோனை என் பக்கம் திருப்பினார். அதே சார்ட், அம்மாவின் மாதங்கள். ஆனால் மேலே கிரியேட்டினின் என்ற வார்த்தை இல்லை. நான் கேள்விப்படாத ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார்.

“பேரச் சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போன்னே சொல்லிக்கினு கீது, பாப்பா. கோட்டப் பத்தி வாயத் தொறக்க மாட்டேங்குது. அதான் ஷேருன்னு போட்டுட்டேன். இப்ப பாரு, எப்டி பேசுது.”

உண்மையாகவே பேசியிருந்தது. ஏற்றத்தின் வேகம் குறைகிறது, இந்த இடத்தில் தடை தெரிகிறது, இதைத் தாண்ட முடியாவிட்டால் கீழே திரும்பலாம், உறுதியாகச் சொல்ல அடுத்த கேண்டில் முடியும்வரை காத்திருங்கள். அடியில் வழக்கமான அந்த ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டுக் கத்தினேன். அது அம்மாவின் ரத்தம், இரும்புக் கம்பெனி பங்கு இல்லை என்றேன். இத்தனை வருஷம் ஹூட்டரை அமுக்கி அமுக்கி உனக்குக் காதே செத்துப்போச்சு என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோடு கோடுதான் பாப்பா, எதுல இருந்து வந்தா இன்னா என்றார்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்தபடி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கம்பெனிக்கு இன்னா பேரு வச்சிருக்க என்று கேட்டாள். அவள் பெயரில் முதல் இரண்டு எழுத்து, அவர் பெயரில் முதல் இரண்டு எழுத்து. அவர் சொன்னதும் அவள் முகத்தில் வந்த வெட்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“இத்தினி வருசத்துல என் பேர்ல ஒரு குண்டூசி வாங்கல. இப்ப கம்பெனியே ஆரம்பிச்சுட்டியா? நல்லாத்தான்யா கீது. ஊர்ல கீற ஷேரெல்லாம் ஏறணும், என்னுது மட்டும் எறங்கணுமாக்கும்.”

அன்றிலிருந்து வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, என் ரேட்டு வந்துச்சா என்பாள். ஏறியிருந்தால் நைனா ஃபோனைக் கவிழ்த்து வைப்பார். ஏறினதுக்கு மொகத்தத் தூக்கி வச்சுக்குற ஒரே மொதலாளி நீதான்யா என்று அவள்தான் அவரைத் தேற்றுவாள். நானும் சிரித்தேன். வீட்டில் வேறு சிரிப்பு ஏது?

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா நேரடியாகப் பேசினார். சீக்கிரம் டயாலிசிஸ் தேவைப்படும். அதற்கு இப்போதே இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைக்க வேண்டும், ஃபிஸ்டுலா என்பார்கள். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் அந்தக் குழாய் தடித்துத் தயாராகப் பல வாரம் ஆகும், அதனால் தண்ணீர் தலைக்கு மேல் போகும்வரை காத்திருக்கக் கூடாது. செய்யாமல் விட்டால் திடீரென்று ஒருநாள் கழுத்தில் குழாய் போட வேண்டி வரும், கழுத்துக் குழாய் கிருமிக்குத் திறந்த கதவு. இப்படி, எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். தேதியும் குறித்துக் கொடுத்தார்.

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கையில் வளையல் போடலாமா? இறுக்கமாக எதுவும் போடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும் ரயிலில் அவள் இடது கையை மடியில் வைத்து, வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தாள். கட்டினவன் கல்லாட்டம் பக்கத்துல இருக்கும்போது ஒரு கை மூளியா எப்படி எட்டு எடுத்து வைக்கிறது என்றாள். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று நான் அதட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மாதம்தான் எண் இறங்கியது. ஏறிக்கொண்டே வந்த கோட்டில் முதல் தடவையாக ஒரு இறக்கம். நைனா அதைத் தன் ஏஐ சாரிடம் காட்டினார், கம்பெனிப் பெயரில்தான். தடையில் முட்டித் திரும்பியிருக்கலாம், ஆனால் ஒரு கேண்டிலை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அடுத்ததும் கீழே முடிந்தால் நம்பிக்கை கூடும் என்றது அது. ஷேருக்கு அது சரியான பேச்சு. அவர் அம்மாவிடம், ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், அடுத்த மாசம் க்ளோஸ் ஆவட்டும் என்றார். அம்மா உடனே தலையாட்டினாள். அவளுக்கு வளையல். அவருக்குக் கேண்டில். நடுவில் நான் ஒருத்தி காட்டுக் கத்தல் கத்தினேன். டாக்டரம்மாவிடமாவது கேட்போம் என்றேன். டாக்டருங்க ஹூட்டரு மாதிரி, அவங்க வேலை அலறதுதான் என்றார் நைனா. அம்மா என்னைப் பார்த்து, எறங்கிதானே கீது, ஏன் குதிக்கிற என்றாள். உண்மையைச் சொன்னால் அந்த எண் இறங்கியது எனக்கும் இனித்தது. அதனால்தான் என் கத்தலில் முழு பலம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து தேதியை ரத்து செய்தார்கள்.

அதே சமயம் அம்மாவின் ரவிக்கைகள் தொளதொளத்துப் போய்விட்டன. தோள்பட்டையில் எலும்பு எழுந்து நின்றது. நான் ஒவ்வொரு ரவிக்கையாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அம்மா இளைச்சுக்கினே போறா நைனா என்றேன். உப்பு இல்லாத சாப்பாடு, கெட்ட நீர் வடியுது, நல்லதுதான் என்றார். அடுத்த மாத எண்ணும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அன்று அவர் ஸ்டேஷனில் இருந்து மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா அதை வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம், என் ஷேரு எறங்கிட்ச்சு என்று சொன்னாள். அந்தப் பெண் ஐயோ பாவம் என்று சொல்ல, அம்மா சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கியது. சிரித்ததால் வாங்குகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அது சிரிப்பால் இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் காலையில் நான் காக்களூரில் கேஸ்கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நைனா கூப்பிட்டார். மார்க்கெட் திறந்திருக்கும் நேரத்தில் அவர் யாரையும் கூப்பிட மாட்டார். அதனாலேயே மணி அடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. குரல் மட்டும் அமைதியாக இருந்தது.

“பாப்பா, அம்மாக்கு மூச்சு வாங்குது. படுக்க முடில. உக்கார வச்சிருக்கேன். ஆம்புலன்ஸ் வருது. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

எப்படிப் போனேன் என்று நினைவில்லை. போனபோது நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்லி உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கியாயிற்று. டாக்டரம்மா வெளியே வந்து எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஏன் ஆபரேஷனுக்கு வரவில்லை என்று கேட்டார். நைனா ஃபோனை எடுத்து, எண் இறங்கியதைக் காட்டினார். கம்பெனிப் பெயர் அப்படியே இருந்தது, அவர் அதை விரலால் மறைத்துக்கொண்டார். டாக்டரம்மா திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்தக் கழிவு உடம்பின் சதையில் இருந்து உண்டாவது, சதை கரைந்தால் எண்ணும் இறங்கும், சிறுநீரகம் தேறியதாக அர்த்தம் இல்லை, அம்மா இளைத்திருக்கிறார்கள் என்றார். நான் பிடித்துத் தைத்த ரவிக்கைகள் எல்லாம் என் கண் முன்னால் வந்தன. கோட்டை இறக்கியது நோய்தான், அவளைத் தின்று இறக்கியிருக்கிறது.

டாக்டரம்மா போன பிறகு நைனா ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அது மொதல்லயே சொல்லிச்சு, பாப்பா. டாக்டராண்ட போ, தள்ளிப் போடாதன்னு தெளிவாத்தான் சொல்லிச்சு. நாந்தான் பேர மாத்தி வேற பதிலு வாங்கிக்கினேன்.”

அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அது உன்னால்தான். இந்த வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆத்திரம் என்றால் அப்படி ஓர் ஆத்திரம். ஆஸ்பத்திரி என்பதால் அடக்கிக்கொண்டேன். மற்றபடி அது எங்கேயும் போகவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

டயாலிசிஸ் நடந்த அந்த நாட்களில் அம்மா தேறினாள். வீக்கம் வடிந்தது. வாயும் திரும்பி வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகளைப் பற்றி எனக்கு முழு விவரமும் சொன்னாள். கழுத்துக் குழாயைத் தொட்டுக் காட்டி, தாலிக்குத் தொணையா இன்னொண்ணு கட்டிட்டாங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்காகச் சிரித்தேன். நைனா காலையில் வந்தால் பார்வையாளர் நேரம் முடிந்தாலும் போகமாட்டார். வாட்ச்மேன் வந்து எழுப்ப வேண்டும். ஃபோனைச் சட்டைப் பையில் இருந்து எடுப்பதே இல்லை. அவள்தான் சும்மா இருக்க மாட்டாமல், இன்னாய்யா என் ரேட்டு என்று கேட்டாள். இன்னிக்கு மார்க்கெட்டு லீவு என்றார் அவர். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் லீவு. இத்தினி நாளு லீவு வுட்டா கம்பெனி திவாலாயிடும்யா என்று சொல்லிவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். என் எதிரில் அவர்கள் அப்படித் தொட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. கையை ஆபரேஷன் செய்துகொள்ளவும் சம்மதித்துவிட்டாள். வலது கையில் வளையலை இரண்டு மடங்கு போட்டுக்கொள்கிறேன் என்று தானே வழியும் கண்டுபிடித்துவிட்டாள்.

பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. யார் மீதும் குற்றம் இல்லை, இப்படி ஆகக்கூடும் என்பதைத்தான் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மருந்து மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. அவள் படுக்கைக்கு மேலே ஒரு ஸ்கிரீன், அதில் கோடுகள். நைனா ஒரு தடவைகூட அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கிரீனில் மணி அடித்தபோதெல்லாம் நர்ஸை நோக்கி அவர்தான் முதலில் ஓடினார். ஓடத் தெரியாத மனுஷன், செருப்பு கழன்று விழ விழ ஓடினார். மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருவில் ஷாமியானா போட்டுவிட்டார்கள். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. எனக்குள் கோபம்தான் இருந்தது, அது அழ இடம் கொடுக்கவில்லை. நைனா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கொடுத்து வச்சவ, பூவோடும் பொட்டோடும் போயிட்டா என்று ஒருத்தி சொன்னாள். போதும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நாலு பேர் இருந்தால் இருக்கட்டும். அவரும் தெரிந்துகொள்ள வேண்டும், அவர் செய்தது என்ன என்று. அவரை நோக்கி நடந்தேன்.

பக்கத்தில் போகும்போது அவர் சட்டைப் பையில் ஃபோன் சத்தம் கொடுத்தது. அவர் கை தானாக அதை எடுத்தது. மெசேஜைத் திறந்தார். ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் நீட்டினார். ஆஸ்பத்திரி லேபில் இருந்து வந்தது. அன்று காலை அவளிடம் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட். கிரியேட்டினின், அந்த வருஷம் முழுவதிலும் இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தது. டயாலிசிஸ் தன் வேலையைச் செய்திருந்தது.

“எறங்கிட்ச்சு, பாப்பா.”

அவர் குரலில் பைத்தியம் எதுவும் இல்லை. விவரம் தெரிந்த ஒருவரிடம் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

“எறங்கிட்ச்சே. அப்பால ஏன்?”

எனக்குப் பதில் தெரியும். டாக்டரம்மா சொன்னது எல்லாம் தெரியும், நான் சொல்ல வந்ததும் அதுதான். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபோனை வாங்கி, திரும்பவும் ஒரு தடவை அந்த எண்ணைப் படித்தேன். ஆமா நைனா, எறங்கிட்ச்சு என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவரோடு உட்கார்ந்தேன்.